பழைய மடிக்கணினிக்கு எஸ்எஸ்டி பொருத்துதல்: திருகாணியைத் தொடுவதற்கு முன்னும் பின்னும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும், தோட்டங்கள் துண்டாடப்பட்ட பிறகு எழுந்த தாமான்களிலிருந்தும் (குடியிருப்புகளிலிருந்தும்) வார இறுதிகளில் என் வீட்டு அஞ்சடிக்கு (முன்தாழ்வாரத்துக்கு) வந்து சேரும் மடிக்கணினிகளில் பெரும்பாலானவற்றின் குறை ஒன்றுதான். தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் காலையில் கணினியின் விசையை அழுத்திவிட்டு, அடுப்படிக்குப் போய்த் தேத்தண்ணீர் கலக்கி, அதைக் குடித்து முடித்துத் திரும்பும்போதும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றார். ஏழெட்டு ஆண்டுக்கு முன் வாங்கிய கணினி பழுதாகிவிட்டது, புதிது வாங்க வேண்டும் என்ற முடிவோடுதான் அவர் வந்தார். அந்தக் கணினியில் கோப்புகளைச் சுழலும் தட்டில் சேமிக்கும் வன்தட்டை (எச்டிடி) எடுத்துவிட்டு, அவற்றைச் சில்லுகளில் சேமிக்கும் எஸ்எஸ்டியைப் பொருத்தினேன். இன்றும் அதில்தான் மாணவர்களின் மதிப்பெண்களைப் பதிகிறார். இந்த மாற்றத்தைக் கடைக்குப் போகாமல் வீட்டிலேயே செய்துகொள்ள விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். திருகாணி வேலை அரை மணி நேரம்தான். அதற்கு முன் செய்ய வேண்டிய ஆயத்தத்துக்கு ஒரு முழு நாளை ஒதுக்க வேண்டும். விபத்துகள் அனைத்தும் அந்த ஒரு நாளைச் சுருக்கப் பார்ப்பதால்தான் நேர்கின்றன என்பதே என் அனுபவம்.

தாமதம் எங்கே இருக்கிறது

பால்மரக் (ரப்பர் மரக்) காலத்துத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. மரம் வெட்டுகிறவர்கள், அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுக்கிறவர்கள், எவ்வளவு விரைவாக வேலையை முடித்தாலும், பால் வாளிகளோடு ஸ்டோருக்கு முன் வரிசையில் நின்றாக வேண்டும். ஏனென்றால் நிறுத்துக் கணக்கெழுதும் கிராணி ஒருவரே. மடிக்கணினியின் செயலி அந்த வரிசையில் நிற்கும் வேலைக்காரர். வன்தட்டுதான் கிராணி. பெரும்பாலான பழைய மடிக்கணினிகளின் வன்தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்கிறது. வேண்டிய தகவல் இருக்கும் இடம் படிக்கும் முனைக்கு அடியில் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது ஏறத்தாழ 5.6 மில்லிநொடி பிடிக்கிறது. அந்த முனை தட்டின் குறுக்கே நகர்ந்து சரியான தடத்துக்குப் போய்ச் சேரும் நேரம் இதற்கும் மேலே. ஆகவே அங்கங்கே சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை நொடிக்கு நூறு தடவைக்கு மேல் எடுத்துக் கொடுப்பது அதற்கு அரிது. விண்டோஸ் எழும்பும்போது கேட்பதெல்லாம் அப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான சிறு துண்டுகள்தான். எஸ்எஸ்டியில் சுழல்வதும் நகர்வதும் எதுவும் இல்லை. ஒரு துண்டை எடுத்துத் தர அதற்கு ஒரு மில்லிநொடியில் பத்தில் ஒரு பங்கு அளவு நேரமே தேவைப்படுகிறது.

ஆயினும் பணத்தைச் செலவழிக்கும் முன், தாமதத்துக்குக் காரணம் வன்தட்டுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கணினி தடுமாறும் நேரத்தில், அதன் வேலைச்சுமையைக் காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், டிஸ்க் என்ற பத்தியில் 100 விழுக்காடும், செயலிக்குரிய பத்தியில் பத்து இருபது விழுக்காடும் தெரியுமானால், குற்றவாளி வன்தட்டே. அதே சாளரத்தின் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில், 2020 மே மாதத்துக்குப் பிந்தைய விண்டோஸ் பதிப்புகளில், உள்ளிருப்பது எச்டிடியா எஸ்எஸ்டியா என்பதும் எழுதப்பட்டிருக்கும். ஏற்கெனவே எஸ்எஸ்டி இருப்பது தெரியாமல் இன்னொன்றை வாங்கி வந்தவர்களும் உண்டு. மெமரி என்ற பத்தி எப்போதும் நிரம்பி வழிந்தால், அதாவது 4 ஜிபி ராம் (தற்காலிக நினைவகம்) மட்டும் உள்ள கணினியாக இருந்தால், அதை 8 ஜிபியாக உயர்த்துவதையும் இதே வேலையோடு சேர்த்துக்கொள்வது நல்லது. ஏனெனில் இடமில்லாத ராம் தன் சுமையை வட்டின் மீது இறக்கிக்கொண்டே இருக்கும். மிக மலிவான சில மெல்லிய கணினிகளில் இஎம்எம்சி என்னும் சேமிப்புச் சில்லைத் தாய்ப்பலகையிலேயே பற்றவைத்திருப்பார்கள். அதைக் கழற்ற முடியாது. அருகில் வேறு காலியிடம் இல்லாவிட்டால் முயற்சியை அங்கேயே நிறுத்திவிட வேண்டியதுதான்.

இன்னொரு கணக்கையும் இப்போதே போட்டுவிடுங்கள். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும், இன்டெல் வகையில் பொதுவாக எட்டாம் தலைமுறைச் செயலியோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். எஸ்எஸ்டி பொருத்துவதால் இந்தத் தகுதி வந்துவிடாது. தகுதியில்லாத பழைய கணினியை லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளத்துக்கு மாற்றிக் கொடுக்கிறேன். தமிழ்99 விசைப்பலகையை அதிலும் அமைத்துக்கொள்ளலாம், கடிதமும் கணக்கும் இணையமும் தடையின்றி நடக்கும்.

எந்த எஸ்எஸ்டி

வாங்கும் இடத்தில்தான் அதிகமானவர்கள் சறுக்குகிறார்கள். ஆகவே இங்கே சற்று நிதானிப்போம். மடிக்கணினிக்கான எஸ்எஸ்டிகள் இரண்டு வடிவங்களில் வருகின்றன. முதலாவது, பழைய வன்தட்டின் அதே உருவத்தில் உள்ள 2.5 அங்குலப் பெட்டி. இதன் இணைப்பு, பழைய வன்தட்டுக்கும் உள்ள அதே சாட்டா. இதன் தடிமன் பெரும்பாலும் 7 மில்லிமீட்டர். பழைய கணினிகளின் குழி 9.5 மில்லிமீட்டர் ஆழமாக இருந்தால் எஸ்எஸ்டி உள்ளே ஆடும். அதற்கென்று ஒரு பிளாஸ்டிக் சட்டத்தைச் சில நிறுவனங்கள் பெட்டியிலேயே தருகின்றன, தராவிட்டால் மெல்லிய அட்டைத் துண்டு ஒன்றே போதும். இரண்டாவது, எம்.2 எனப்படும் சூயிங்கம் துண்டைப் போன்ற பலகை. அதன் மீது எழுதப்படும் 2280 என்ற எண்ணுக்கு 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம் என்று பொருள். 2242, 2230 என்ற குட்டையான அளவுகளும் இருப்பதால், திருகாணி முடுக்கும் இடம் எந்த நீளத்தில் இருக்கிறது என்பதை அளந்து பார்க்க வேண்டும்.

எம்.2 என்பது உருவத்தின் பெயர் மட்டுமே, அதன் வழியாகப் பேசப்படும் மொழி வேறு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அதே உருவத்தில் சாட்டா மொழி பேசும் எஸ்எஸ்டியும் உண்டு, அதைவிட வேகமான என்விஎம்இ மொழி பேசும் எஸ்எஸ்டியும் உண்டு. கணினியின் துளை இரண்டையும் புரிந்துகொள்ளலாம், ஒன்றை மட்டுமே புரிந்துகொள்ளவும் கூடும். பலகையின் விளிம்பில் ஒரே ஒரு வெட்டு இருந்தால் அது பெரும்பாலும் என்விஎம்இ. இரண்டு வெட்டுகள் இருந்தால் பெரும்பாலும் சாட்டா. 'பெரும்பாலும்' என்ற சொல்லை நம்பிக் காசைக் கொடுக்கக் கூடாது. கணினியின் அடியில் ஒட்டியுள்ள மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த நிறுவனமே வெளியிடும் பழுதுபார்ப்புக் கையேட்டை இறக்கிப் படியுங்கள். எச்பி, லெனோவோ, டெல் ஆகியவை பெரும்பாலான மாடல்களுக்கு இவற்றை இலவசமாகவே தருகின்றன. எந்தத் திருகாணி எங்கே இருக்கிறது என்ற படமும் அதிலேயே கிடைத்துவிடும். பல்கலைக்கழகத்துக்குப் போகும் பையன் ஒருவன் ஈப்போவில் என்விஎம்இ வாங்கி வந்து, துளையில் அது அழகாக உட்கார்ந்துவிட்டதைக் காட்டி மகிழ்ந்தான். கணினியோ அப்படி ஒன்று இருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை. அந்தத் துளை சாட்டாவுக்கு மட்டுமானது. மேலும், 2014-க்கு முந்தைய பல கணினிகளுக்கு, என்விஎம்இ உள்ளே இருந்தாலும் அதிலிருந்து இயங்குதளத்தைத் தொடங்கத் தெரியாது.

வேகத்தைப் பற்றிய என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். சாட்டா எஸ்எஸ்டி நொடிக்குச் சுமார் 550 மெகாபைட் வரை படிக்கும். பிசிஐஇ என்னும் தாய்ப்பலகை இணைப்பின் மூன்றாம் தலைமுறை வழியாக இயங்கும் நல்ல என்விஎம்இ 3,500 மெகாபைட்டைத் தொடும். எண்களைப் பார்த்தால் ஆறு மடங்கு. ஆனால் கணினியைத் திறப்பது, கடிதம் தட்டச்சுவது, கோவில் கணக்கைப் பார்ப்பது போன்ற வேலைகளில் இந்த ஆறு மடங்கு கைக்குத் தெரியாது. வன்தட்டிலிருந்து சாட்டாவுக்கு வரும் முதல் தாவல்தான் பெரிது. உங்கள் கணினியில் 2.5 அங்குலக் குழி மட்டுமே இருந்தால் அதை ஒரு குறையாக நினைக்க வேண்டாம்.

கொள்ளளவைப் பொறுத்தவரை, 500 ஜிபி என்று விற்கப்படுவது விண்டோஸில் 465 என்று தெரியும். ஆயிரத்தால் பெருக்குவதற்கும் 1,024-ஆல் பெருக்குவதற்கும் உள்ள வேறுபாடுதான் அது, யாரும் ஏமாற்றவில்லை. ஐந்தில் ஒரு பங்கைக் காலியாக விட்டுவைத்தால் எஸ்எஸ்டி சோர்வடையாமல் இயங்கும். எழுத எழுதத் தேய்ந்துபோகும் என்ற அச்சம் இன்னும் பலரிடம் இருக்கிறது. சாம்சுங் 870 ஈவோ வகையின் 500 ஜிபி எஸ்எஸ்டிக்கு 300 டெராபைட் வரை எழுத உத்தரவாதம் தரப்படுகிறது. நாளொன்றுக்கு 40 ஜிபி எழுதினாலும் அந்த அளவை எட்ட இருபது ஆண்டு பிடிக்கும். வீட்டுக் கணினி எதுவும் நாள்தோறும் அவ்வளவு எழுதுவதில்லை.

போலிச் சரக்கைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். இணையச் சந்தைகளில் இரண்டு டெராபைட், நான்கு டெராபைட் என்று ஒரு வேளைச் சாப்பாட்டு விலைக்குச் சற்று மேலே விற்கப்படும் பெட்டிகளைத் திறந்து பார்த்தால், உள்ளே கைப்பேசிக்குப் போடும் சிறு மெமரி அட்டை ஒன்று பசையால் ஒட்டப்பட்டிருக்கும். பொய்யான கொள்ளளவைச் சொல்லும்படி அது மாற்றப்பட்டிருக்கும். உண்மையான இடம் தீர்ந்த பிறகு நீங்கள் சேமிக்கும் படங்கள் காற்றில் எழுதியதற்குச் சமம். எந்த எஸ்எஸ்டியை வாங்கினாலும், அதில் எதையும் வைப்பதற்கு முன், எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சிறிய இலவச மென்பொருளால் முழுக் கொள்ளளவையும் ஒரு முறை எழுதிப் படித்துப் பாருங்கள்.

வன்தட்டில் என்ன இருக்கிறது

முதல் வேலை, பழைய வன்தட்டின் உடல்நிலையை அறிவது. வட்டின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளைத் திறந்து, 05, சி5, சி6 ஆகிய மூன்று வரிகளைப் பாருங்கள். மாற்றி ஒதுக்கப்பட்ட பகுதிகள், படிக்க முடியாமல் காத்திருக்கும் பகுதிகள், திருத்த முடியாத பகுதிகள் ஆகியவற்றின் எண்ணிக்கையை அவை முறையே சொல்கின்றன. மூன்றும் சுழியமாக இருந்தால் நிம்மதி. மஞ்சள் நிற எச்சரிக்கை தெரிந்தாலோ, வன்தட்டிலிருந்து 'டிக் டிக்' என்ற ஒலி கேட்டாலோ, அதை மொத்தமாக நகலெடுக்க முயலாதீர்கள். சாகும் தறுவாயில் இருக்கும் வன்தட்டை மணிக்கணக்காக ஓடவிடுவது அதன் கதையை முடித்துவிடக்கூடும். மிக முக்கியமான கோப்புறைகளை மட்டும் உடனே வெளியே எடுத்துவிட்டு, இயங்குதளத்தைப் புதிதாக நிறுவிக்கொள்ளுங்கள்.

வன்தட்டு நலமாக இருந்தாலும் ஒரு காப்புநகல் கட்டாயம் வேண்டும். அது புதிய எஸ்எஸ்டியிலும் பழைய வன்தட்டிலும் சேராத மூன்றாவது ஓர் இடத்தில், அதாவது வெளிவட்டிலோ மேகச் சேமிப்பிலோ, இருக்க வேண்டும். டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப் ஆகியவற்றை எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்; உலாவியில் சேமித்த கடவுச்சொற்களையும், கணக்கு மென்பொருளின் தரவுக் கோப்பையும், அதன் உரிம எண்ணையும் மறந்துவிடுகிறார்கள்.

தமிழில் எழுதுகிறவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது எழுத்துருக்கள். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிக்கோடு குறிமுறை பரவலாவதற்கு முன் தட்டச்சிய ஆலய நிர்வாகக் கூட்டக் குறிப்புகள், பள்ளி ஆண்டு மலர்கள், மன்றக் கடிதங்கள் யாவும் அக்காலத்துத் தனி எழுத்துருக்களில் இருக்கின்றன. மலேசியாவில் பிறந்த முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளின் பழைய பதிப்புகளில் எழுதியவையும், டிஸ்கி (TSCII) என்ற பழைய தமிழ்க் குறிமுறையில் எழுதியவையும் இதில் அடங்கும். விண்டோஸைப் புதிதாக நிறுவும்போது, பின்னர் சேர்த்த எழுத்துருக்கள் எதுவும் கூட வருவதில்லை. கோப்பு பத்திரமாக இருக்கும், திறந்தால் கூட்டக் குறிப்புக்குப் பதிலாக ஐரோப்பிய எழுத்துகளும் குறியீடுகளும் கலந்த ஒரு குப்பைதான் தெரியும். சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் ஃபாண்ட்ஸ் என்று இருப்பதை முழுமையாக நகலெடுத்து வையுங்கள். அதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. நான் பார்த்தவரை, கணினிக் கடைகளில் யாரும் கேட்காமல் இதைச் செய்து தருவதில்லை.

அடுத்தது பூட்டு. புதிய கணினிகள் பலவற்றில் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற குறியாக்கம், உரிமையாளர் அறியாமலேயே இயங்கிக்கொண்டிருக்கும். வட்டை மாற்றும்போதோ, கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் பயாஸின் அமைப்பைத் தொடும்போதோ கணினி 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நிற்கும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள் சென்று அந்த எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு, குறியாக்கத்தை முழுமையாக நீக்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்; வேலை முடிந்த பிறகு மீண்டும் போட்டுக்கொள்ளலாம்.

நகலெடுப்பதா, புதிதாக நிறுவுவதா

தேவையற்ற மென்பொருள்கள் சேர்ந்து குப்பையாகிப்போன கணினிக்குப் புதிதாக நிறுவுவதே நல்லது. உரிம எண்ணோ நிறுவல் வட்டோ தொலைந்துபோன மென்பொருளை நம்பி வேலை நடக்கும் கணினியை அப்படியே நகலெடுப்பதுதான் வழி. இரண்டிலும் விண்டோஸின் உரிமம் போய்விடாது. அது தாய்ப்பலகையோடு பிணைக்கப்பட்டது, வட்டை மாற்றினால் அதற்கு ஒன்றும் ஆகாது.

நகலெடுக்க, எஸ்எஸ்டியை யுஎஸ்பி வழியாக இணைக்கும் ஒரு வடமோ பெட்டியோ தேவை. சாட்டாவுக்கும் என்விஎம்இக்கும் அது வெவ்வேறாக இருக்கும். எஸ்எஸ்டி நிறுவனங்கள் பல தங்கள் பொருளுக்கென்று நகலெடுக்கும் மென்பொருளை இலவசமாகத் தருகின்றன. குளோன்சில்லா எல்லா வட்டுகளுக்கும் பொதுவானது, இலவசமானது, ஆனால் முகம் சற்றுக் கடுமையானது. தொடங்கும் முன் வட்டுப் பிழைகளைச் சரிபார்த்து, ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற அமைப்பை அணைத்து, கணினியை முழுமையாக நிறுத்திவிட்டு மீண்டும் திறக்க வேண்டும். அந்த அமைப்பு இயங்கும்போது கணினி முழுதாக உறங்காமல் பாதிக் கண்ணைத் திறந்து வைத்திருப்பதால், நகல் பழுதாகக்கூடும். பழைய வன்தட்டு 1 டெராபைட்டும் எஸ்எஸ்டி 500 ஜிபியுமாக இருந்தால், விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் சாளரத்தில் சி பகுதியை முதலில் சுருக்கிக்கொள்ளுங்கள். குளோன்சில்லா இயல்பாக மூல வட்டைவிடச் சிறிய வட்டுக்கு நகலெடுக்க மறுக்கும். நிறுவன மென்பொருள்கள் பெரும்பாலும் தாங்களே சரிசெய்துகொள்ளும்.

எது மூலம், எது இலக்கு என்று கேட்கும் திரையில் நின்று மூச்சு விடுங்கள். சில ஆண்டுகளுக்கு முன், பழைய வன்தட்டும் புதிய எஸ்எஸ்டியும் ஒரே 500 ஜிபியாக இருந்த ஒரு கணினியில், பேசிக்கொண்டே வேலை பார்த்த நான், காலியாக இருந்ததை மூலமாகவும் நிறைந்திருந்ததை இலக்காகவும் தேர்ந்தெடுத்துவிட்டேன். அதில் இருந்தது ஓர் ஆலயத்தின் ஆறு ஆண்டுக் கணக்கு. தணிக்கையாளருக்கு முன்பு மின்னஞ்சலில் அனுப்பியிருந்த பிரதிகள் இருந்ததால் பெரும்பகுதி தப்பியது. திருவிழா நன்கொடைப் பட்டியல் மட்டும் போனது போனதுதான். அன்று முதல், வட்டின் அளவைப் பார்த்து நான் தேர்ந்தெடுப்பதில்லை. ஒவ்வொரு வட்டின் மீதும் அச்சாகியிருக்கும் தொடர் எண்ணின் கடைசி நான்கு எழுத்துகளைத் தாளில் குறித்துக்கொண்டு, திரையில் தெரிவதோடு ஒப்பிட்டுவிட்டே அடுத்த பொத்தானை அழுத்துகிறேன்.

நேரத்தையும் கணக்கிட்டு வையுங்கள். 150 ஜிபி தகவலை யுஎஸ்பி 3 வழியாக நொடிக்கு 80 மெகாபைட் வேகத்தில் நகலெடுத்தால் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல். பழைய யுஎஸ்பி 2 துளை வழியாக என்றால் ஒன்றேகால் மணி நேரம். நம் பக்கத்தில் பெரும்பாலும் பிற்பகலுக்கு மேல்தான் வானம் இருட்டிக்கொண்டு இடி மின்னலோடு மழை கொட்டுகிறது. ஓர் இடிக்கு வீட்டு மின்விசை விழுந்துவிடுவது நமக்குப் புதிதன்று. பேட்டரி செத்துப்போன கணினியில் நகலெடுப்பின் நடுவே அப்படி நடந்தால், எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே இந்த வேலையைக் காலையிலேயே தொடங்குங்கள்.

புதிதாக நிறுவுகிறவர்களுக்கு 8 ஜிபி பென்டிரைவும், அதை விண்டோஸ் நிறுவும் பென்டிரைவாக மாற்ற மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் மீடியா கிரியேஷன் டூலும் போதும். நிறுவும் நேரத்தில் பழைய வன்தட்டு கணினிக்குள் இருக்கவே கூடாது. இருந்தால், தொடக்கத்துக்கான சிறு பகுதியை விண்டோஸ் சில வேளைகளில் பழையதிலேயே விட்டுவிடும். பிறகு பழையதை எடுத்தால் புதியதும் எழும்பாது. எங்கே நிறுவுவது என்று கேட்கும்போது, பிரிக்கப்படாத இடத்தைத் தேர்ந்து அடுத்ததை அழுத்தினால், வேண்டிய பகுதிகளை அதுவே பிரித்துக்கொள்ளும். இன்டெல் பதினோராம் தலைமுறையிலிருந்து வரும் சில கணினிகளில் அந்தப் பட்டியல் வெறுமையாகத் தெரிந்தால் எஸ்எஸ்டி கெட்டுவிட்டதாக எண்ண வேண்டாம். விஎம்டி என்ற அமைப்பு அதை மறைக்கிறது. கணினி நிறுவனத்தின் தளத்திலிருந்து இன்டெல் ஆர்எஸ்டி இயக்கியை இறக்கி, பென்டிரைவில் வைத்து, அந்தத் திரையிலேயே ஏற்றினால் எஸ்எஸ்டி தெரியும்.

திறப்பதும் பொருத்துவதும்

பிஎச்0, பிஎச்00 அளவுள்ள இரண்டு சிலுவைமுனைத் திருப்புளிகளும், மூடியைப் பிளக்க ஒரு பழைய டச் அண்ட் கோ கட்டண அட்டையும் போதும். திருகாணிகளை வைக்கப் பல்லாங்குழிப் பலகையைவிடச் சிறந்த கருவியை நான் கண்டதில்லை. கழற்றிய வரிசையில் குழிக்கு ஒன்றாகப் போட்டுவைத்தால் எது எங்கே என்ற குழப்பம் வராது. இது விளையாட்டுப் பேச்சன்று. ஒரே கணினியில் மூன்று நீளங்களில் திருகாணிகள் இருக்கும். நீளமானதைக் குட்டையின் இடத்தில் முடுக்கினால் விசைப்பலகைப் பக்கம் புடைத்துக்கொண்டு வரும்.

கணினியை நிறுத்தி, மின்வடத்தை எடுத்து, கழற்றக்கூடிய பேட்டரியாக இருந்தால் அதையும் எடுத்த பிறகு, கணினியைத் திறக்கும் விசையைப் பதினைந்து நொடி அழுத்திப் பிடித்து உள்ளே தேங்கிய மின்சாரத்தை வடித்துவிடுங்கள். நம் ஊரின் ஈரக்காற்றில் நிலைமின்சாரம் அவ்வளவாகச் சேராது. இருந்தாலும் குளிரூட்டிய அறையில் வேலை செய்கிறவர்கள் நிலத்தோடு தொடர்புள்ள ஏதேனும் உலோகத்தைத் தொட்டுவிட்டுத் தொடங்கலாம். எல்லாத் திருகாணிகளையும் எடுத்த பிறகும் மூடி அசையாவிட்டால் பலத்தைக் காட்டாதீர்கள். ரப்பர் கால்களுக்கு அடியிலோ ஒட்டுத்தாளுக்கு அடியிலோ ஒன்று ஒளிந்திருக்கும். மூடி திறந்ததும் உள்ளே எறும்புக் கூடோ பல்லி முட்டையோ இருந்தால் வியப்படைய வேண்டாம், தோட்டப்புற வீடுகளில் இது வாடிக்கை. மென்மையான தூரிகையால் துடைத்துவிட்டுத் தொடருங்கள். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் அன்றைய வேலையை நிறுத்திவிடுங்கள். அதை நெம்பவோ குத்தவோ கூடாது. பேட்டரி நன்றாக இருந்தால், உள்ளிருக்கும் அதன் இணைப்பியை முதலில் விலக்கிய பிறகே வேறு எதையும் தொட வேண்டும்.

2.5 அங்குல வன்தட்டைத் தாங்கும் சட்டத்தின் திருகாணிகளை எடுத்து, இணைப்பியிலிருந்து விலகும் திசையில் பக்கவாட்டில் மெல்ல இழுத்து, பிறகு மேலே தூக்குங்கள். சில மாடல்களில் சாட்டா இணைப்பு மெல்லிய நாடாவாக இருக்கும். அதைப் பிடித்து இழுத்தால் கிழியும். சட்டத்தை எஸ்எஸ்டிக்கு மாற்றி, வந்த வழியே பொருத்திவிடலாம். எம்.2 என்றால், வெட்டு பொருந்தும்படி சுமார் முப்பது பாகைச் சாய்வில் துளைக்குள் செருகி, தங்கப்பற்கள் ஏறக்குறைய முழுவதும் மறைந்ததை உறுதிசெய்துகொண்டு, மறுமுனையைக் கீழே அழுத்தித் திருகாணியால் பிடிக்க வேண்டும். விரல்நுனியால் முடுக்கும் இறுக்கமே போதும்.

எழும்பாவிட்டால்

நகலெடுத்தவர்கள் முதல் முறை திறக்கும்போது பழைய வன்தட்டை எந்த வழியிலும் இணைக்காதீர்கள். ஒரே அடையாளத்தோடு இரண்டு வட்டுகள் நின்றால் விண்டோஸ் குழம்பும். திறந்தவுடன் டெல், ஏசர், ஆசுஸ் கணினிகளில் பொதுவாக எஃப்2, எச்பியில் எஃப்10, லெனோவோ திங்க்பேடில் எஃப்1 விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் பயாஸ் திரை வரும். அங்கே எஸ்எஸ்டியின் பெயர் தெரியாவிட்டால் பொருத்தியது சரியில்லை. பெயர் தெரிந்தும் எழும்பாவிட்டால், தொடக்க வரிசையில் விண்டோஸ் பூட் மேனேஜரை முதலிடத்துக்குக் கொண்டுவாருங்கள். பழைய விண்டோஸ் யூஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறையில் இருந்ததா, லெகசி என்ற பழைய தொடக்க முறையில் இருந்ததா என்று பார்த்து, அதே முறையை வையுங்கள். வட்டின் பகுதிகளைக் குறித்து வைக்கும் அட்டவணை முதல் முறைக்கு ஜிபிடி வகையாகவும், இரண்டாவதற்கு எம்பிஆர் வகையாகவும் இருக்க வேண்டும். நீலத்திரையில் 'இன்ஆக்சசிபிள் பூட் டிவைஸ்' என்று வந்தால், பயாஸில் சாட்டா இயங்கும் முறை முன்பிருந்ததிலிருந்து மாறியிருக்கக்கூடும். அதைப் பழையபடி வைத்துப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால், விண்டோஸ் நிறுவும் பென்டிரைவிலிருந்து ஸ்டார்ட்டப் ரிப்பேரை ஓடவிடுங்கள். பல தடவை அதுவே தீர்த்துவைக்கும்.

கணினி எழும்பிய பிறகு மிஞ்சியிருப்பவை சில்லறை வேலைகள். பெரிய எஸ்எஸ்டிக்கு நகலெடுத்திருந்தால் மிச்ச இடத்தை சி பகுதியோடு சேர்த்துவிடுங்கள். டிஃப்ராக்மென்ட் அண்ட் ஆப்டிமைஸ் டிரைவ்ஸ் சாளரத்தில் அது 'சாலிட் ஸ்டேட் டிரைவ்' என்று அடையாளம் காணப்பட்டிருக்கிறதா, வார அட்டவணை இயங்குகிறதா என்று பாருங்கள். அழித்த கோப்புகளின் இடத்தை விடுவிக்கும் டிரிம் என்னும் துப்புரவை விண்டோஸ் அதன் வழியாகவே செய்துகொள்கிறது. சிதறிய கோப்புத் துண்டுகளைச் சேர்த்து அடுக்கும், வன்தட்டுக் காலத்து டிஃப்ராக் மென்பொருள்கள் ஏதேனும் மிச்சமிருந்தால் நீக்கிவிடுங்கள், அவை எஸ்எஸ்டிக்கு வீண் தேய்மானத்தைத் தவிர வேறெதையும் தராது. பத்திரப்படுத்திய எழுத்துருக்களை நிறுவி, பழைய தமிழ்க் கோப்பு ஒன்றைத் திறந்து படித்துப் பாருங்கள்.

பழைய வன்தட்டின் மீது தேதியையும் கணினியின் பெயரையும் ஒட்டி, குறைந்தது ஒரு மாதம் அலமாரியில் வையுங்கள். ஏதோ ஒரு கோப்பு விடுபட்டது மூன்றாவது வாரத்தில்தான் நினைவுக்கு வரும். அதன் பிறகு, நலமான வன்தட்டை யுஎஸ்பி பெட்டியில் போட்டுக் காப்புநகலுக்கு வைத்துக்கொள்ளலாம். சக்தியின்றி ஆண்டுக்கணக்கில் அலமாரியில் கிடப்பதற்கு எஸ்எஸ்டியைவிட வன்தட்டே பொருத்தமானது. யாருக்கேனும் கொடுப்பதாக இருந்தால் குயிக் ஃபார்மட் போதாது. குயிக் ஃபார்மட் என்ற கட்டத்தில் இருக்கும் குறியை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் செய்தால்தான் வட்டு முழுவதும் சுழியங்களால் நிரப்பப்படும். கெட்டுப்போன வன்தட்டையும் உப்பிய பேட்டரியையும் வீட்டுக் குப்பையோடு போடாமல், மின்னியல் கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படையுங்கள். மலேசியாவின் 2005-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தர விதிகளில் மின்சார, மின்னணுக் கழிவுக்கு எஸ்டபிள்யூ 110 என்ற தனி எண்ணே இருக்கிறது.